மரம் புதைத்த மேட்டுப் பாத்தி: தருமபுரி, கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரிமங்கலத்துக்கு அருகே எங்கள் மேட்டுக்காட்டின் ஒரு மூலையில், மரக்கட்டையும் கிளையும் புதைத்த பாத்திகளில் ஆறு ஆண்டுகளாகக் காய்கறி வைத்துவருகிறேன். பார்க்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளை இங்கே எழுதிவைக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுப் படங்களில் காணும் ஆளுயர மேடு நம் ஊருக்கு ஆகாது. நம் ஊரில் மரம் தரைக்குக் கீழே போகவேண்டும். மேலே தெரிவது ஒரு அடி மேடாக இருந்தால் போதும்.

இது என்ன முறை? எங்கிருந்து வந்தது?

மரக்கட்டைகளை அடுக்கி, அவற்றின்மேல் கிளை, சருகு, எரு, மண் என்று மூடி, அந்த மேட்டில் பயிர் வைப்பது. ஜெர்மன் மொழியில் இதற்கு ஹியூகல்கல்ச்சர் என்று பெயர். ஹியூகல் என்றால் குன்று அல்லது மேடு. ஆஸ்திரியா நாட்டு மலைப்பகுதியில் பண்ணை வைத்திருந்த செப் ஹோல்சர் என்ற விவசாயியால் உலகெங்கும் பரவலாக அறியப்பட்டது. உள்ளே இருக்கும் மரம் மெல்ல மெல்ல மக்கும். மக்க மக்க ஈரத்தைப் பிடித்துவைக்கும். கடைசியில் தானே மண்ணாகிவிடும்.

நமக்கு இது முற்றிலும் புதிய எண்ணம் அல்ல. தென்னைக்குப் பக்கத்தில் நீளக் குழி வெட்டி, தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி மூடுவது நம் தென்னை விவசாயிகளுக்குப் பழகிய வேலை. மழைநீரை மட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு, கோடையில் வேருக்குக் கொடுக்கிறது. அந்த மட்டையின் இடத்தில் மரம் வந்தால் அதுதான் இந்த முறை.

வெளிநாட்டில் ஆறடி உயரம் போடுகிறார்களே, நாமும் அப்படியே போட்டால் என்ன?

என் முதல் மேடு அப்படிப்பட்டதுதான். தரைமேல் கட்டைகளை அடுக்கி நாலரை அடி உயரத்துக்குக் கட்டினேன். பங்குனி வெயிலில் இரு சரிவுகளும் ஓடுபோல இறுகிவிட்டன. ஊற்றிய தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்து ஓடியது. வைகாசியில் வந்த ஒரு கனமழை மேல்மண்ணில் பாதியைக் கரைத்துக் கொண்டுபோனது. கத்தரி நாற்று அறுபதில் பிழைத்தவை ஒன்பது.

ஏன் இப்படி என்று பிறகு நிதானமாக யோசித்தபோது காரணம் தெளிவாகத் தெரிந்தது. அந்த நாடுகளில் குளிர் அதிகம், நிலத்தில் ஈரமும் அதிகம். அங்கே மேடு போடுவதற்குக் காரணம், மிகுந்த ஈரம் வடியவேண்டும், மரம் மக்கும்போது எழும் சூடு வேருக்குக் கிடைக்கவேண்டும், மண் சீக்கிரம் வெதுவெதுப்பாகவேண்டும் என்பது. நம் தேவை நேர்மாறானது. ஆண்டுக்கு 800 முதல் 900 மி.மீ. மழை, அதுவும் சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போகிறது. மண்ணைச் சூடாக்க நமக்கு யாரும் தேவையில்லை. நமக்கு வேண்டியது வடிகால் அல்ல, பிடிப்பு. உயரமான மேடு என்பது காற்றுக்கும் வெயிலுக்கும் நாலாபுறமும் திறந்து காட்டிய மண். அது காயாமல் என்ன செய்யும்?

இரண்டாவது பாத்தியிலிருந்து குழி வெட்டத் தொடங்கினேன். அதன் பிறகு மேல்மண் கரைந்து ஓடவும் இல்லை, நாற்று அப்படிக் கூட்டமாகக் காய்ந்ததும் இல்லை.

ஓசூர், தளி பக்கம் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே உயரம் சுமார் 900 மீட்டர். வெயில் கொஞ்சம் மென்மையானது. அங்கே இருப்பவர்கள் ஒன்றரை, இரண்டு அடி மேடு வைத்துப் பார்க்கலாம். பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கம் வேண்டாம்.

குழியின் அளவு என்ன? எப்படி அடுக்குவது?

நான் வெட்டுவது 10 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி ஆழம். அகலம் நான்கு அடிக்கு மேல் போனால் இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டாது. ஆழம் 2 அடிக்குமேல் போவது நம் நிலத்தில் பெரும்பாடு. பல இடங்களில் கெட்டியான சுக்கான் கல் வந்துவிடும். கடப்பாரை போட்டு இரண்டு பேர் இரண்டு நாள் வேலை. ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் தொடங்கினால் பாதி உழைப்பு மிச்சம்.

வெட்டும்போதே மேல் ஒரு அடி மண்ணைத் தனியாகவும், கீழே வரும் சரளைக் கலப்பைத் தனியாகவும் குவித்துவையுங்கள். இதைக் கவனிக்காமல் ஒன்றாகக் கொட்டியவர்கள் பிறகு செடி வைக்க மண் இல்லாமல் திண்டாடியதைப் பார்த்திருக்கிறேன். சரளை மண் பாத்தியைச் சுற்றி வரப்புக் கட்ட உதவும். செடிக்கு உதவாது.

அடியில் தொடை கனமுள்ள கட்டைகள். அவற்றை நெருக்கிப் போடாமல் விரல் நுழையும் இடைவெளி விட்டு, அந்த இடைவெளிகளில் மண்ணையும் சாணிக் கரைசலையும் ஊற்றிக் கெட்டியாக அடைக்கவேண்டும். இந்த இடத்தில் சோம்பல் கூடவே கூடாது. கட்டைக்கு நடுவே வெற்றிடம் இருந்தால் வேர் அங்கே போய்க் காய்ந்துவிடும். எலி அங்கே குடிவந்துவிடும். அதன்மேல் கை கனமுள்ள கிளைகள், மறுபடி மண், மறுபடி தண்ணீர். பிறகு சுள்ளி, சருகு, பசுந்தழை. ஆவாரை, கொழுஞ்சி, எருக்கு எது கிடைத்தாலும் நல்லது. ஒவ்வோர் அடுக்கையும் மிதித்து அமுக்குங்கள். மொத்தத்தில் மரம் பாதி, மண்ணும் எருவும் பாதி என்ற கணக்கு எனக்கு ஒத்துவருகிறது. கடைசியில் மேல்மண்ணோடு மக்கிய எரு கலந்து, மரத்துக்குமேல் குறைந்தது முக்கால் அடி மண் நிற்கும்படி மூடவேண்டும். உரிய அனுமதியோடு எடுத்த ஏரி வண்டல் கிடைத்தால் அதற்கு ஈடு வேறில்லை. செம்மண்ணுக்கு இல்லாத பிடிப்பை அது கொடுக்கிறது.

மேட்டின் முதுகைக் கூம்பாக விடாதீர்கள். தட்டையாக, நடுவில் தாம்பாளம்போல் சற்றுக் குழிந்து, ஓரம் கொஞ்சம் உயர்ந்து இருக்கட்டும். விழும் மழை அங்கேயே நின்று உள்ளே இறங்கவேண்டும்.

எந்த மாதம் தொடங்கலாம்?

சித்திரையில் கோடை மழை ஒன்று விழுந்ததும் வெட்டி, வைகாசிக்குள் மூடிவிடுங்கள். ஆனி மழையை மரம் குடிக்கட்டும். ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் விதைத்தால் புரட்டாசி, ஐப்பசி மழை பயிரைத் தூக்கிவிடும். தை, மாசியில் காய்ந்த மரத்தைக் காய்ந்த மண்ணில் புதைத்துவிட்டு உடனே செடி வைப்பது தவறு. செடிக்குப் போகவேண்டிய தண்ணீரையும் அந்த மரம் இழுத்துக்கொள்ளும்.

எந்த மரம் நல்லது?

நம் இரு மாவட்டங்களிலும் மாமரத்துக்குக் குறைவில்லை. அறுவடை முடிந்து கவாத்து செய்யும்போது விழும் கிளைகள்தான் என் முதல் தேர்வு. மாங்கட்டை அதிகக் கடினமும் இல்லை, உடனே கரைந்துபோவதும் இல்லை. ஆனால் தண்டுத் துளைப்பான் புழு அரித்த கிளையைப் புதைக்காதீர்கள். துளையும் அதிலிருந்து கொட்டும் மரத்தூளும் தெரிந்தால் அதை எரித்துவிடுவதே தோப்புக்குப் பாதுகாப்பு. முருங்கை, அகத்தி, வாதநாராயணன் ஆகியவை வேகமாக மக்கும். மேல் அடுக்குக்கு ஏற்றவை. புங்கை, வேம்பு நடுவில் போடலாம். தென்னை மட்டை, தேங்காய் மட்டை, வாழைத் தண்டு எல்லாமே நல்ல ஈரம் பிடிப்பவை. வாழைத் தண்டைத் துண்டுபோட்டுக் கட்டைகளுக்கு இடையில் திணித்தால், புதைக்கும் நாளிலேயே பாத்திக்குள் தண்ணீர் வைத்ததுபோல் ஆகிவிடும்.

பட்டுப்புழு வளர்ப்பவர்களின் கொட்டகையில் இலை தின்றபின் மிஞ்சும் மல்பெரிக் குச்சிகள் மலைபோல் கிடக்கும். மிக நல்ல பொருள். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மல்பெரி குச்சியிலிருந்தே முளைக்கும் செடி. பச்சையாகப் புதைத்தால் கத்தரித் தோட்டம் மல்பெரித் தோட்டமாகிவிடும். முருங்கை, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை, பூவரசு எல்லாம் இப்படித்தான். இரண்டு மாதம் வெயிலில் போட்டு, பட்டை உரிந்து, ஒடித்தால் சடக்கென்று ஒடியும் பதத்தில் புதையுங்கள்.

வேலிகாத்தான், தைலமரம் போடலாமா?

சீமைக் கருவேலத்தை நம் பக்கம் வேலிகாத்தான் என்கிறோம். மிகக் கடினமான மரம். மக்க நெடுநாள் ஆகும். கட்டையை அடியில் போடலாம். நெற்றும் தூரும் முள்கிளையும் வேண்டவே வேண்டாம். நெற்றுக்குள் இருக்கும் விதை முளைக்கும். முள்ளோ மரம் மக்கிய பிறகும் மண்ணில் கூராகக் கிடந்து, களை பிடுங்கும் கையைக் குத்தும்.

தைல மரத்தின் இலையும் பட்டையும் மற்றச் செடிகளின் முளைப்பைத் தடுக்கும் தன்மை உள்ளவை. பல மாதம் மழையில் நனைந்து வெளுத்த கட்டை என்றால் அடியில் ஒன்றிரண்டு போடலாம். தேக்கு லேசில் மக்காது. பிளைவுட், வர்ணம் பூசிய பலகை, மருந்து தடவிய மரம் எதுவும் காய்கறி மண்ணுக்குள் போகக் கூடாது.

காப்புக்காட்டிலிருந்து எதையும் எடுத்துவராதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது.

விறகைக் கொண்டுபோய் மண்ணில் புதைப்பது வீணில்லையா?

என் மாமியார் முதல் நாள் கேட்ட கேள்வி இது. அவர் கேட்டது நியாயம். அடுப்புக்கு ஆகும் நல்ல விறகைப் புதைக்காதீர்கள். அதற்கு விலையும் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. செல் அரித்தது, உளுத்தது, கோணல்மாணல், தோப்பின் ஓரத்தில் குவித்து நெருப்பு வைக்கப்படும் கிளை, இவைதான் இந்தக் குழிக்கு உரியவை. கவாத்து முடிந்ததும் ஊரெங்கும் அந்தப் புகை எழும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. பத்து ஆண்டு மண்ணுக்குள் இருந்து உணவாகவேண்டியது அரைமணி நேரத்தில் சாம்பலாகிறது.

கரையான் வராதா?

வரும். வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மரத்தை மண்ணாக்கும் வேலையில் காளானைப்போலக் கரையானுக்கும் பங்கு உண்டு. பாத்திக்குள் ஈரமும் மரமும் இருக்கும்வரை அது உயிருள்ள செடியைத் தேடிப் போவது குறைவு. செடி வாடிப்போய், மண்ணும் வறண்டால் வேரைக் கடிக்கும். ஆகவே பாத்தியை முழுக்க வறளவிடாமல் இருப்பதே முதல் மருந்து. நடும் குழியில் ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போடுகிறேன். நிலக்கடலையும் புதிதாக வைத்த மரக்கன்றும் கரையானுக்கு எளிதில் இரையாகும். அவற்றை இந்தப் பாத்தியில் வைப்பதில்லை.

வீட்டுச் சுவரை ஒட்டி மட்டும் இந்தக் குழியை வெட்டாதீர்கள். கதவு, நிலை, உத்தரம் எல்லாம் மரம்தானே. குறைந்தது 15, 20 அடி தள்ளியே இருக்கட்டும்.

தென்னந்தோப்புக்குள் போடலாமா?

இதைப் பலரும் யோசிப்பதில்லை. தென்னையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும், மக்கிய மரத்திலும், அழுகும் தென்னந்தடியிலும்தான். சரியாக மூடாத மரமேடு அந்த வண்டுக்கு நாமே கட்டிக்கொடுத்த பிரசவ அறை. தோப்புக்குள் தென்னந்தடியைப் புதைக்காதீர்கள். தோப்பை ஒட்டிப் பாத்தி போட்டே ஆகவேண்டும் என்றால் மேல்மண் ஒரு அடிக்குக் குறையாமல் இருக்கட்டும். மரம் எங்கும் வெளியே தெரியக் கூடாது. மண்ணைக் கிளறும்போது வெள்ளையாக, பருத்து, வளைந்து சுருண்ட புழு கிடைத்தால் பொறுக்கி அழித்துவிடுங்கள். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சை அந்தப் புழுக்களைக் கொல்லும். எருக்குழிக்கு இடுவதுபோல் இங்கும் இடலாம்.

முதல் ஆண்டில் செடி மஞ்சளாக நிற்கிறதே?

தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதவில்லை என்று பொருள். மரத்தூளில் ஒரு பங்கு தழைச்சத்துக்குச் சில நூறு பங்கு கரிமம் இருக்கிறது. மாட்டெருவில் அது ஏறக்குறைய 20 பங்குதான். மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்களுக்கும் தழைச்சத்து வேண்டும். மரத்தில் போதாதபோது சுற்றியுள்ள மண்ணிலிருந்து அவை எடுத்துக்கொள்கின்றன. பந்தியில் அவை முதலில் உட்கார்ந்துவிடுகின்றன. செடிக்கு இலை போட ஆள் இல்லை. கட்டை பெரிதாக இருந்தால் இந்த இழுப்பு குறைவு. தூளும் சிறு சில்லும் அதிகமாக இருந்தால் கடுமையாக இருக்கும். அதனால்தான் மரத்தூளைப் புதைக்கவேண்டாம் என்கிறேன்.

அடுக்கும்போதே சாணிக் கரைசலும் ஆட்டுப் புழுக்கையும் தாராளமாகப் போடுங்கள். செடி மஞ்சளித்த பிறகு என்றால், கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்து வாரம் ஒருமுறை ஊற்றினால் பதினைந்து நாளில் இலை தேறும். இரண்டாவது ஆண்டு இந்தத் தொல்லை குறைந்துவிடும்.

எந்தப் பயிர் வைக்கலாம்?

முதல் ஆண்டு அவரை. நம் ராகிக் காட்டில் ஊடுபயிராக அவரையும் துவரையும் விதைத்த முன்னோர்கள் காரணமில்லாமல் அப்படிச் செய்யவில்லை. தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கும் பயிருக்கு மரத்தோடு சண்டை இல்லை. தட்டைப்பயறும் அப்படியே. பூசணி, பரங்கி, சுரை ஆகியவற்றின் கொடி பாத்தியை மூடிப் படர்ந்து நிழலும் கொடுக்கும். இரண்டாம் ஆண்டிலிருந்து கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளி. முள்ளங்கி, கேரட் போன்ற கிழங்கு வகைகள் நான்காம் ஆண்டுக்குமுன் வேண்டாம். குச்சியில் முட்டி இரண்டாகப் பிளந்துவிடும்.

எந்தத் திசையில் பாத்தி நீளவேண்டும் என்றும் கேட்கிறார்கள். நாம் இருப்பது 12 பாகை வட அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. மற்ற மாதங்களில் தெற்கே. தெற்குப் பக்கம் வெயில், வடக்குப் பக்கம் நிழல் என்ற ஐரோப்பியக் கணக்கு இங்கே செல்லாது. நம்மைச் சுடுவது மாலை மேற்கு வெயில். மேற்கு ஓரத்தில் அகத்தியோ துவரையோ வரிசையாக வையுங்கள், போதும்.

தண்ணீரே ஊற்றவேண்டாம் என்கிறார்களே?

இது நம் ஊருக்குப் பொருந்தாத பேச்சு. மக்கிய மரம் பஞ்சுபோல் ஈரம் பிடிக்கும் என்பது உண்மை. புது மரம் அப்படிப் பிடிக்காது. அது பஞ்சாக மாற இரண்டு மூன்று ஆண்டு ஆகும். அதுவரை மற்றப் பாத்திக்குக் கொடுப்பதில் பெரிய குறைப்பு இராது. மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு, சாதாரணப் பாத்திக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றும்போது இதற்கு நான் நான்கு ஐந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். சித்திரை வெயிலில் இரண்டு நாளுக்கு ஒருமுறை.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 சதுர அடிப் பாத்தியில் 50 மி.மீ. மழை பெய்தால் நேராக விழும் தண்ணீர் ஏறக்குறைய 185 லிட்டர். அதே மழையில் 500 சதுர அடிக் கூரையிலிருந்து வழிவது 2,300 லிட்டர். கூரைத் தண்ணீரை ஒரு சிறு வாய்க்கால் வழியாகப் பாத்திக்குத் திருப்பியதுதான் நான் செய்தவற்றில் அதிகப் பலன் தந்த வேலை. நிரம்பியது போக மிச்சம் வெளியேற வழி வைக்கவேண்டும்.

மூடாக்கு இல்லாமல் இந்தப் பாத்தி பாதிப் பாத்திதான். கரும்புச் சோகை, காய்ந்த புல், சருகு எதையாவது நான்கு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். ராகித் தாளை மட்டும் மாட்டுக்கு விட்டுவிடுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. பரவாயில்லையா?

மேட்டின் முதுகில் தண்ணீர் ஆவியாகும்போது உப்பு மேலேயே தங்கி வெள்ளை பூக்கும். மேடு தணிவாகவும் மூடாக்கோடும் இருந்தால் இது குறையும். மழைநீர் இறங்கும்போது அந்த உப்பு கழுவப்படும். கூரைத் தண்ணீரைத் திருப்பச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

பாம்பு, எலி?

வெற்றிடம் இருந்தால் எலி, எலி இருந்தால் பாம்பு. அடுக்கும்போது மண்ணால் அடைத்துவிட்டால் இரண்டுக்கும் இடமில்லை. மேடு அமிழும்போது விரிசல் தெரிந்தால் உடனே மண் போட்டு மூடுங்கள். கட்டைகளைப் புதைக்குமுன் வெளியில் குவித்து வைத்திருக்கிறீர்களே, ஆபத்து அங்கேதான் அதிகம். தேளும் பூரானும் அங்கே தங்கும், வெறுங்கையால் தூக்காதீர்கள். காட்டோரத்தில் இருப்பவர்களுக்குப் பன்றித் தொல்லை உண்டு. புழு தேடி மேட்டையே கிளறிவிடும். வேலி இல்லாமல் அங்கே தொடங்கவேண்டாம்.

சரிவான நிலத்தில் மழைநீரைத் தடுக்கும் கரையாக இதைப் போடலாமா?

கூடாது. மரம் மிதக்கும் பொருள். கரைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் உள்ளிருக்கும் கட்டை மேலே எழும்பிக் கரையை உடைத்துவிடும். தண்ணீரைத் தடுக்க மண்வரப்பு வேறு, மரப் பாத்தி வேறு.

மாடியில்?

வேண்டாம். நனைந்த மண் கன அடிக்கு 50 கிலோவை நெருங்கும். தொட்டியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்குச் சுள்ளியும் தேங்காய் மட்டையும் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பில் மரங்களுக்கு நடுவே போடலாமா?

போடலாம். இலைநிழல் விழும் எல்லைக்கு வெளியே, ஒரு மரத்துக்கு ஒரு பக்கம் மட்டும். நாலாபுறமும் ஒரே ஆண்டில் வெட்டினால் வேர் அறுந்து அடுத்த ஆண்டு காய்ப்பைப் பாதிக்கும்.

எத்தனை ஆண்டு நிற்கும்? கடைசியில் உள்ளே என்ன இருக்கும்?

மேடு ஒவ்வோர் ஆண்டும் அமிழும். ஒன்றரை அடி மேடு முதல் ஆண்டு முடிவில் ஒரு அடிக்கும் கீழே வந்துவிட்டது. மேலே எருவும் மண்ணும் சேர்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

குழி வெட்டிப் போட்ட முதல் பாத்தியின் ஒரு முனையைச் சென்ற தையில் திறந்துபார்த்தேன். மாங்கட்டை இருந்த இடத்தில் கட்டையின் உருவம் மட்டும் இருந்தது. கையில் எடுத்து அழுத்தினால் காப்பித்தூள் நிறத்தில் உதிர்ந்தது. உள்ளே வெள்ளை நூலாகக் காளான் வேர். முருங்கை இருந்த தடமே இல்லை. வேலிகாத்தான் கட்டை ஒன்று மேல்பட்டை போய், உள்வைரம் இன்னும் கோடரிக்குச் சத்தம் கொடுத்தது. மழை நின்று ஒரு மாதத்துக்குமேல் ஆகியிருந்தது. பக்கத்து நிலம் வெடித்துக் கிடந்தது. அந்த மாங்கட்டை மண்ணைப் பிடித்துத் திறந்தபோது உள்ளங்கை ஈரமாக இருந்தது. அதற்குள் மண்புழு இரண்டு, அவரையின் வேர் ஒன்று. பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டேன்.